மூன்றரை மணி ரயிலும் ஒரு பென் டிரைவும்

கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில், பயணப்பெட்டிகளும் குடைகளும் விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில் பத்துக் கணினிகளோடு ஒரு வகுப்பு இருந்தது. நான் அங்கே டீச்சர். காலையில் புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி, வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் இறங்கி அடையாள அட்டையைக் காட்டி, ஒன்பது மணிக்குள் வகுப்பைத் திறந்துவிடுவேன். யுத்தம் திரும்பவும் தொடங்கி, யாழ்ப்பாணத்துப் பாதையை மூடியிருந்த காலம் அது. எனக்கு இருபத்தாறு வயது. கணினியைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி நினைப்பதற்குத் தோதாக, அந்தக் கட்டிடத்தில் கணினி தெரிந்த வேறு ஆளும் இருக்கவில்லை.

கடையும் வகுப்பும் அக்குறணையைச் சேர்ந்த ஒருவருக்குச் சொந்தம். நாங்கள் அவரை முதலாளி என்போம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவில், களவாகப் பிரதி பண்ணிய பொருளை விற்பதும் பாவிப்பதும் பற்றி மௌலவி பேசியிருக்கிறார். முதலாளி தொழுகை முடிந்து நேரே மேல்மாடிக்கு வந்தார்.

“டீச்சர், நம்மட மெசின்ல ஓடுற விண்டோஸ் களவு சீடி தானே?”

“ஆமாங்க முதலாளி. கண்டியில எல்லா இடத்திலயும் அதுதான்.”

“எல்லாரும் செய்றாங்கன்டு நம்மளும் செய்ய ஏலுமா? களவு சாமான வச்சி புள்ளைகளுக்குப் படிச்சிக் குடுத்தா அந்தப் படிப்புல பரக்கத் இரிக்குமா, அது வெளங்குமா? வேற ஒன்டும் இல்லயா?”

இருந்தது. கணினிச் சஞ்சிகையொன்றோடு இலவசமாக வந்த லினக்ஸ் சீடி என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. இப்படித்தான் கண்டி நகரத்தில் ஒரு வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தின் பேரில் பத்துக் கணினிகள் லினக்ஸுக்கு மாறின. மாணவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் தலைகால் தெரியாமல் சந்தோஷப்பட்டேன். விண்டோஸில் எதையும் திறந்து பார்க்க முடியாது. இதில் அடி வரைக்கும் போகலாம்.

அந்த அடியில் இருப்பதற்குப் பெயர் கெர்னல். மற்ற மென்பொருள்கள் எல்லாம் அதன் மேல்தான் இயங்கும். விசைப்பலகை, மவுஸ், பிரின்டர், பென் டிரைவ் என்று கணினியில் எதைச் செருகினாலும் அதை அடையாளம் காண்பது கெர்னல்தான். அதற்குச் சொல்லிக்கொடுக்காத கருவியைச் செருகினால், செருகாத மாதிரியே இருக்கும். எதையெதைச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்க ஒரு நீண்ட பட்டியல் உண்டு. நூற்றுக்கணக்கான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் வேண்டும், வேண்டாம் என்று பதில் போட்டு, பிறகு முழுவதையும் அந்தக் கணினியிலேயே புதிதாகக் கட்ட வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே உதவிக் குறிப்பு ஒன்று இருக்கும். நான் அதை வாசிப்பதில்லை. உதவி கேட்பது எனக்குப் பிறவியிலேயே வராது.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் இரண்டு பொலிஸ்காரர்கள் வகுப்புக்கு வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். பென் டிரைவ் அப்போதுதான் ஊருக்கு வந்த புதுச் சாமான். எங்கள் மாணவர்கள் அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கப் போட்டுக்கொண்டு கண்டி முழுக்கச் சுற்றுவார்கள். பொலிஸ்காரர்கள் அந்தக் கழுத்துகளையெல்லாம் ஒரு தடவை பார்த்தார்கள். யார் எதற்குள் எதைக் கொண்டுவந்து போடுகிறார்கள் என்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, பிளேன்டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. “டீச்சர், நாளைலேந்து நம்மட மெசின்ல ஒரு பென் டிரைவும் வேல செய்யக் கூடா” என்றார்.

ஒரு அறிவித்தலை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தால் போதும். நான் அப்படிச் செய்கிற ஆளா? கெர்னல் பட்டியலைத் திறந்து, யூ.எஸ்.பி. என்ற பகுதியையே வேரோடு பிடுங்கினேன். பத்துக் கணினிக்கும் புதுக் கெர்னல். வழமையாக, பழைய கெர்னலை ஒரு பக்கத்தில் வைத்திருப்பார்கள், புதியது காலை வாரினால் திரும்பிப் போவதற்கு. மாணவர்கள் அதைக் கண்டுபிடித்துப் பாவித்துவிடுவார்கள் என்று அதையும் அழித்தேன். கட்டும்போது மிஞ்சிய கோப்புகளையும் இடம் போதாதென்று அழித்தேன். சீடி வழியாகவும் எதுவும் வரக் கூடாதென்று சீடி டிரைவ்களைக் கழற்றி முதலாளியிடம் கொடுத்தேன். அவர் அவற்றை அக்குறணையில் தன் வீட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மறுநாள் காலை இரண்டு கணினிகளில் மவுஸ் அசையவில்லை. அவை யூ.எஸ்.பி. மவுஸ். மாணவர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பாதுகாப்பு என்றால் இப்படித்தான் இருக்கும் என்றேன். பின்னேரம் போய்ப் பழைய ரக மவுஸ் இரண்டு வாங்கி வந்தேன்.

என் வகுப்பில் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் ஒருவர் படித்தார். கண்டியில் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் வேலை. முப்பது வயதுக்கு மேல். பதவி உயர்வுக்குக் கணினிச் சான்றிதழ் வேண்டும் என்று சனிக்கிழமைகளில் வருவார், மாணவர்களிலேயே ஒழுங்கானவர். அவருடைய மனைவி தலைப்பிரசவத்துக்காக ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். அங்கே அதுதான் வழக்கம். எட்டாம் மாதத்தில் பாதை மூடிவிட்டது. குழந்தை பிறந்து ஐந்து மாதம். பெண் குழந்தை என்பது மட்டும்தான் இவருக்குத் தெரியும். அந்த வீட்டில் தொலைபேசி இல்லை. சந்தியில் உள்ள கடைக்கு வந்து மனைவி மூன்று தடவை எடுத்திருக்கிறார், மூன்று தடவையும் “கேக்குதோ? கேக்குதோ?” என்பதோடு நேரம் முடிந்துவிட்டது.

வகுப்பில்லாத ஒரு நாள், புதன்கிழமை என்று நினைக்கிறேன், பகல் பதினொரு மணியளவில் அவர் படியேறி வந்தார். கூடவே ஒரு கன்னியாஸ்திரி. ஐம்பது வயது மதிக்கலாம், கையில் ஒரு சின்னப் பயணப்பை. இருவர் முகத்திலும் வெயில்.

“டீச்சர், இவ எங்கட ஊர்ச் சிஸ்டர்” என்றார் அவர். “கப்பலிலை திருகோணமலைக்கு வந்து, அங்கையிருந்து பஸ்ஸிலை இப்பத்தான் வந்து இறங்கினவ. மூண்டரை ரெயினிலை கொழும்புக்குப் போகோணும்.”

சிஸ்டர் தன் ஜெபமாலைப் பையைத் திறந்து, ஜெபமாலைக்கு அடியிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார்.

“இதுக்குள்ளை இவற்ரை பிள்ளை இருக்கு” என்றார். “கப்பலிலை இடம் கிடைச்சிட்டுது, உடனை வெளிக்கிடுங்கோ எண்டு சொல்லிப்போட்டினம். போற வழியிலை பள்ளிக்கூடத்துக் கமராவோடை அந்த வீட்டை எட்டிப் பாத்தனான். கடிதம் எழுதக்கூட நேரமில்லை, ஒரு வீடியோ மட்டும் எடுத்து, பள்ளிக்கூடத்திலை இதுக்குள்ளை போட்டுக் கமராவைக் குடுத்திட்டு வந்தனான். கன்னியர்மடத்துக் கடுதாசியளும் இதுக்குள்ளைதான் கிடக்கு. அதாலை இதை விட்டிட்டுப் போகேலாது, பிள்ளை.”

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், போன் பேசவும் கணினி பார்க்கவும் வசதியுள்ள ஒரு தொடர்பாடல் நிலையத்துக்கு முதலில் போயிருக்கிறார்கள். அங்கே இருந்தவர் பென் டிரைவ் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறார். சிஸ்டர் பொய் சொல்லமாட்டார். யாழ்ப்பாணம் என்றதும், அந்த ஆள் கணினி பழுது என்று சொல்லிவிட்டாராம். அந்த மனிதரையும் குறை சொல்ல முடியாது. எல்லாருக்கும் பயம்.

“உங்களிட்டை எண்டா பயமில்லை எண்டு கூட்டிக்கொண்டு வந்தனான்” என்றார் எழுதுவினைஞர்.

கண்டியிலேயே பென் டிரைவ் வேலை செய்யாத பத்துக் கணினிகளின் நடுவில் அவரை நிற்க வைத்திருந்தேன், அதுவும் என் கைத்திறமையால்.

“இருங்க சார், இந்தா வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுக் கீழே ஓடினேன். முதலாளி ஒரு வாடிக்கையாளருக்குக் குடை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். குடையை மடக்கினார், திரும்ப விரித்தார், திரும்ப மடக்கினார்.

“யாழ்ப்பாணத்துலேந்து வந்த பென் டிரைவா?”

“ஆமாங்க முதலாளி.”

“உள்ளுக்கு என்ன இரிக்கி?”

“அவரு புள்ள. அஞ்சு மாசம். இன்னும் பாக்கல.”

அவர் தெருவை இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தார். “ஒரு மெசின்ல மட்டும் செய்ங்க. நாளைக்கே திருப்பி மூடிடோணும்” என்றார். நான் படியில் கால் வைத்ததும், “எனக்கும் அந்தப் புள்ளயக் காட்டுங்க” என்றார்.

கடைசி வரிசைக் கணினியைத் திறந்தேன். பதினொன்றே முக்கால். போன தடவை ஒரு கெர்னலைக் கட்டி முடிக்க இரண்டரை மணி நேரம் எடுத்தது. மிஞ்சிய கோப்புகளை நானே அழித்துத் தொலைத்ததால், இப்போதும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ரயிலைப் பிடிக்க சிஸ்டர் மூன்று மணிக்காவது இங்கிருந்து இறங்க வேண்டும். அதனால் பட்டியலில் கண்ட இடமெல்லாம் வெட்டினேன். வேண்டாம், வேண்டாம், வேண்டாம். யூ.எஸ்.பி. பகுதிக்கு வந்ததும் வேண்டும் என்று போட்டேன். பென் டிரைவ் போன்ற சேமிப்புக் கருவிகளுக்கென்று உள்ளே இருந்த வரிக்கும் வேண்டும் போட்டேன். அந்த வரிக்கு மேலேயும் இரண்டு வரியில் ஏதோ குறிப்பு எழுதியிருந்தது. நான்தான் வாசிப்பதில்லையே.

கட்டத் தொடங்கியது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வரிவரியாக மேலே ஓடியது. எழுதுவினைஞர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, ஓடுகிற ஒவ்வொரு வரியையும் வாசிக்கப் பார்த்தார்.

“அது வாசிக்கிறதுக்கு இல்ல சார். நின்னுட்டா மட்டும் சொல்லுங்க.”

“நிண்டா என்ன?”

“நின்னா நம்ம கதை முடிஞ்சிச்சு.”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர் கண் கொட்டவில்லை. சிஸ்டர் மட்டும் நிதானமாக இருந்தார். ஜெபமாலையை எடுத்து உருட்டிக்கொண்டே, “என்ரை கையைவிட இது வேகமா ஓடுது” என்றார். முதலாளி மூன்று சோற்றுப் பார்சல் அனுப்பினார். சிஸ்டரும் நானும் சாப்பிட்டோம். எழுதுவினைஞர் பார்சலைப் பிரித்து மடியில் வைத்தபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை மின்விளக்கு மங்கி மீண்டது. அந்த இரண்டு விநாடியில் நான் கும்பிட்ட தெய்வங்களில் பாதியின் பெயர் எனக்கே சரியாகத் தெரியாது.

ஒன்றரை மணிக்கு முடிந்தது. கணினியை அணைத்துத் திரும்பப் போட்டேன், புதுக் கெர்னல் எழும்பியது. பென் டிரைவைச் செருகினேன், அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. எழுதுவினைஞர் எழுந்தே நின்றுவிட்டார். திரையில், ஒரு யூ.எஸ்.பி. சேமிப்புக் கருவி வந்திருக்கிறது என்று செய்தி வந்தது. அவ்வளவுதான். திறக்கலாம் என்று பார்த்தால் திறப்பதற்கு ஒன்றுமில்லை. வந்திருக்கிறது என்று தெரிகிறது, உள்ளே போக முடியவில்லை. கழற்றினேன், செருகினேன், பின்பக்கத்துத் துளையில் செருகினேன். அதே செய்திதான்.

“பழுதாப் போச்சோ, டீச்சர்?” அவருடைய குரல் இறங்கிவிட்டது. “கப்பலிலை தண்ணி கிண்ணி பட்டிருக்குமோ?”

“என்ரை ஜெபமாலைப் பையுக்கை ஒரு சொட்டுத் தண்ணி படேல்லை” என்றார் சிஸ்டர் கொஞ்சம் சூடாக.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுகை வரும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். பட்டியலைத் திரும்பத் திறந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் குறிப்பை வாசித்தேன். பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தார்கள். லினக்ஸ் பென் டிரைவை ஸ்கசி என்ற ரக டிஸ்க்காகத்தான் நடத்தும், ஆகவே ஸ்கசி டிஸ்க் என்ற வரிக்கும் வேண்டும் போடுங்கள் என்று. அந்த வரி வேறொரு பகுதியில் இருந்தது. ஸ்கசி பெரிய கம்பனிகளில் இருக்கும் விலைகூடிய டிஸ்க், இந்தப் பெட்டிக்கடைக்கு எதற்கு என்று முதல் வெட்டிலேயே அதைத்தான் வெட்டியிருந்தேன்.

“தப்பு என்னுதுதான் சார்” என்றேன். “பென் டிரைவுக்கு ஒன்னும் ஆகல. எழுதி வச்சிருக்கிறத நான் வாசிக்கல.”

சிஸ்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் மேசையில் வைத்தார், நான் பார்த்துக்கொள்வதற்காக. இந்தத் தடவை தொடர்புள்ள எல்லாக் குறிப்புகளையும் வாசித்தேன். அந்தப் பென் டிரைவின் கோப்பு முறைக்கென்று இன்னொரு வரி இருப்பதையும் அதனால்தான் கண்டுபிடித்தேன். நல்லவேளை, சற்றுமுன் கட்டியதில் மிஞ்சி, இந்தத் தடவை நான் அழிக்காமல் விட்ட கோப்புகளுக்கு மேல் கட்டியதால் இரண்டரை மணிக்குள் முடிந்துவிட்டது. செருகினேன். விளக்கு எரிந்தது. டிஸ்க் வந்தது, டிஸ்க்குக்குள் கன்னியர்மடத்துக் கடுதாசிகள் வந்தன, அவற்றுக்குக் கீழே ஒரு வீடியோ.

கீழே போய் முதலாளியைக் கூப்பிட்டேன். அவரை விட்டுப் பார்ப்பது சரியில்லை என்று எழுதுவினைஞரே சொன்னார். நால்வரும் நின்றோம். ஒரு வீட்டு முற்றம். தலை சீவாத ஒரு பெண், தோளில் நீலச் சேர்ட் ஒன்றைப் போட்டு அதன் மேல் குழந்தையைச் சாய்த்திருந்தார். கமராவைப் பார்த்து ஏதோ சொன்னார். சத்தமில்லை. ஒலிபெருக்கியைத் தட்டினேன், வயரை இழுத்தேன். அப்போதுதான் உறைத்தது. நேரத்தை மிச்சம் பிடிக்க வெட்டியவற்றில் ஒலிப் பகுதியும் ஒன்று. மணி இரண்டே முக்காலாகியிருந்தது. இனி எதையும் கட்ட முடியாது.

“அவள் என்ன சொல்லுறாள்?” என்று அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் சிஸ்டர் முன்னால் வந்தார். “திருப்பிப் போடுங்கோ, பிள்ளை. எடுத்தது நான்தானே, எனக்குத் தெரியும்” என்றார். திருப்பிப் போட்டேன். சிஸ்டர் அவருக்குப் பக்கத்தில் நின்று, திரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டு போனார்.

“நான் சுகமா இருக்கிறன். நீங்கள் அங்கை கடைச் சாப்பாட்டைச் சாப்பிட்டு வயித்தைப் பழுதாக்காதேங்கோ.”

“ஓம்” என்றார் அவர்.

“பிள்ளைக்கு உங்கட மூக்குத்தான். அம்மாவுக்கு அதிலை கொஞ்சம் கவலை.”

“ஓம்.” முதலாளி சிரித்துவிட்டார்.

“இவள் அழுதா உங்கட சேட்டைத் தோளிலை போட்டுத்தான் தூக்குவன். உடனை நிப்பாட்டிப்போடுவாள்.”

“அது என்ரை சேட்டுத்தான்” என்று அவர் எங்களிடம் சொன்னார்.

“பாதை திறந்த அண்டைக்கு முதல் பஸ்ஸிலை வந்திடுங்கோ. நாங்கள் ரெண்டு பேரும் சந்தியிலை நிப்பம்.”

“ஓம். வாறன்.”

அந்தப் பெண்ணின் வாய் எப்போதோ நின்றுவிட்டது, சிஸ்டர் பேசிக்கொண்டேயிருக்கிறார் என்பதை நான் கவனித்தேன். யாழ்ப்பாணத்தார் வேகமாகப் பேசுவார்கள்போல என்று நினைத்துக்கொண்டேன். முதலாளி “மாஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வீடியோவை அந்தக் கணினியில் பிரதி பண்ணிக்கொண்டு பென் டிரைவைக் கொடுத்தேன். ரயிலுக்குக் கூட்டிப் போக முதலாளி தானே ஒரு திரீவீலை நிறுத்தினார். சிஸ்டர் அதில் ஏறிய பிறகுதான் கைக்கடிகாரம் என் மேசையில் கிடப்பது நினைவுக்கு வந்து, அதைத் தூக்கிக்கொண்டு படியில் நான் ஓடிய ஓட்டத்தை இன்றைக்கு ஓடினால் ஆஸ்பத்திரியில்தான் படுக்க வேண்டும்.

மறுநாள் மூட வேண்டிய கணினியை நான் மூடவில்லை. சனிக்கிழமை வரை தவணை வாங்கினேன். முழுசாகச் செய்யாத வேலை என்னை அரித்துக்கொண்டிருந்தது. ஒலிப் பகுதியின் எல்லாக் குறிப்புகளையும் வாசித்து, வெள்ளிக்கிழமைக்குள் சத்தத்தை வரவழைத்துவிட்டேன். ஆனால் வீடியோவைப் போட்டுப் பார்க்கவில்லை. அவருடைய மனைவியின் குரலை அவருக்கு முன்னால் நான் கேட்பது முறையில்லை என்று தோன்றியது.

சனிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவரை அந்தக் கணினிக்கு முன் உட்காரவைத்தேன். பெருமையாகத்தான் உட்காரவைத்தேன்.

முதலில் ஒரு சேவல் கூவியது. பிறகு அவர் மனைவியின் குரல், சிரிப்பும் பதற்றமுமாக.

“ஐயோ சிஸ்டர், தலைகூட இழுக்கேல்லை. இப்பிடித் திடீரெண்டு வந்து நிண்டா என்னத்தைச் சொல்லுறது? எனக்கு ஒண்டும் வாயிலை வருகுதில்லை. நீங்களே அவருக்கு ஏதும் நல்லதாச் சொல்லிவிடுங்கோ.”

கமராவுக்குப் பின்னாலிருந்து, மிகக் கிட்டத்தில், சிஸ்டரின் குரல் கேட்டது. “சரி, நான் சொல்லுறன். நீ பிள்ளையை வடிவாத் தூக்கிப் பிடி.”

அதற்குப் பிறகு குழந்தையின் சத்தமும் சேவலும் மட்டும்தான். வீடியோ முடிந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. சத்தத்தை இல்லாமலேயே விட்டிருக்கலாம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவருடைய தோள் குலுங்கியது. பயந்துபோய்த் திரும்பினேன். சிரிக்கிறார், கண் நிறையத் தண்ணீரோடு.

“டீச்சர்” என்றார், “இன்னொருக்காப் போடுங்கோ. சத்தத்தைக் குறைச்சுப்போட்டு.”

ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டுப் போட்டேன். முற்றம் வந்தது, நீலச் சேர்ட் வந்தது. அவர் கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு, திரையைப் பார்த்து, வேண்டிய இடத்திலெல்லாம் “ஓம்” சொல்லிக்கொண்டிருந்தார்.